நகரியிலிருந்து கடியத்துக்கு: வானத்தில் 456 கிலோமீட்டர், தரையில் எவ்வளவு?

மாமர ஒட்டுக்குச்சி, அதாவது ஒட்டுச்செடி உண்டாக்க இன்னொரு கன்றின்மேல் வைத்துக் கட்டும் நுனிக்குச்சி, அதை வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே மரத்தில் ஒரு வேலை இருக்கிறது. வெட்டப்போகிற நுனியில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, காம்பை மட்டும் விட்டுவைக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் காம்பு தானாக உதிரும், நுனி மொட்டு உப்பி நிற்கும். அந்தப் பக்குவத்தில் வெட்டிக் கட்டினால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். விட்டுவிட்டால் மொட்டு விரிந்து தளிர் வந்துவிடும், அப்புறம் அந்தக் குச்சி உதவாது. அதாவது, போகிற தேதியை மரம்தான் முடிவு செய்கிறது. விமானக் கம்பெனியின் அட்டவணைக்காக அது காத்திருக்காது.

இதை முதலில் சொல்லக் காரணம், பயண நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு யோசித்ததே அந்தக் குச்சிகளால்தான்.

நகரிக்குப் பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு நர்சரி. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், கடையில் இரண்டும். எங்கள் பக்கம் தோப்புகளில் பெங்களூராவும் பங்கனபள்ளியும் நீலமும்தான் அதிகம். சில வருடமாகக் கோதாவரிப் பக்கத்து ரகங்களை, முக்கியமாகக் கொத்தபல்லி கொப்பரியை, கேட்டு வருகிறார்கள். அதற்குக் குச்சி வேண்டுமென்றால் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியத்துக்குத்தான் போகவேண்டும். செடி வியாபாரத்தில் இருப்பவர்கள் யாருக்கும் கடியத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டும் தூரம் நர்சரிதான்.

அப்பா எப்போதும் ரயிலில்தான் போவார். ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் 83 கிலோமீட்டர், கூடூரிலிருந்து விஜயவாடா 293, அங்கிருந்து ராஜமுந்திரி 150. மொத்தம் 525 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம். நான் விமானத்தில் போகலாமா என்று பார்த்தது ஒரு ஜனவரியில், பூச்செடி ஆர்டருக்கு அவசரமாகப் போகவேண்டி வந்தபோது.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் திருப்பதி, ராஜமுந்திரி என்று போட்டேன். திருப்பதி விமான நிலையம் என்பது ரேணிகுண்டாவில் இருப்பதுதான். 246 என்று பெரிதாக வந்தது. பறக்கும் நேரம் 1 மணி 4 நிமிடம். 246 கிலோமீட்டர்தானா என்று நினைத்துக்கொண்டேன். அக்கா மகள் திருப்பதியில் பொறியியல் படிக்கிறாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, அது கடல் மைல். 1.852-ஆல பெருக்கணும்" என்றாள். பெருக்கினால் கிட்டத்தட்ட 456 கிலோமீட்டர். அதே பக்கத்தில் கீழே 283 என்று இன்னொரு எண், அது சாதாரண மைல். ஒரே தூரத்துக்கு மூன்று எண். விமான உலகம் கடல் மைலில் பேசுகிறது, நாம் கிலோமீட்டரில் யோசிக்கிறோம். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் யாரும் கணக்குப் போடவேண்டாம்.

அந்த 1 மணி 4 நிமிடம் எப்படி வந்தது என்பதையும் அவளே விளக்கினாள். நேர்கோட்டுத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 34 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டினால் 64 நிமிடம். யாரும் அந்த வழியில் விமானம் ஓட்டிப் பார்த்துச் சொன்ன நேரம் இல்லை அது, வெறும் வகுத்தல் கணக்கு. 800 என்பது பெரிய ஜெட் விமானத்தின் வேகம். ரேணிகுண்டா, ராஜமுந்திரி, கடப்பா மாதிரி ஊர்களுக்கு இடையே பறப்பது பெரும்பாலும் ஏடிஆர் 72. இறக்கை மேலே, இரண்டு பக்கமும் சுழலும் விசிறி, எழுபது எழுபத்தெட்டு பேர் உட்காரலாம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டி. அப்படிப் பார்த்தால் 456 கிலோமீட்டருக்கு வானத்தில் மட்டுமே 55 நிமிடம் ஆகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, காற்றுக்கு எதிர்த்திசையில் இறங்குவதற்காகச் சுற்றி வருவது எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். நிறுத்திய இடத்திலிருந்து நகர்ந்தது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் நிற்பதுவரை உள்ள நேரம் அது. நம்பவேண்டியது டிக்கெட் நேரத்தைத்தான்.

சரி, ஒன்றேகால் மணி நேரமே ஆகட்டும், ரயிலைவிட எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு வேண்டிய நாளில் அந்த இரண்டு ஊருக்கும் நேர் விமானமே இல்லை. தூரம் சொல்லும் இணையதளத்துக்கு அதெல்லாம் தெரியாது. விமானமே ஓடாத இரண்டு ஊர்களுக்கு இடையிலும் நேரத்தைக் கச்சிதமாகச் சொல்லிவிடும். கிடைத்தது ஹைதராபாத் வழி. திருப்பதியிலிருந்து ஹைதராபாத் சுமார் 416 கிலோமீட்டர் வடக்கே, அங்கிருந்து ராஜமுந்திரி சுமார் 360 கிழக்கே. முக்கோணத்தின் இரண்டு பக்கத்தையும் சுற்றிப் போகிற வழி. 456 இருந்த இடத்தில் 776 ஆனது.

அதோடு நான் செய்த பெரிய தவறு, காசு கொஞ்சம் குறைகிறதே என்று இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தது. காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். புத்தூர், வடமாலப்பேட்டை தாண்டி ரேணிகுண்டா விமான நிலையம் எங்களுக்குச் சுமார் 50 கிலோமீட்டர். உள்ளே பாதுகாப்புச் சோதனையில் என் தோள்பையை நிறுத்திவிட்டார்கள். பக்க ஜிப்பில் ஒட்டுக்கத்தி இருந்தது. அப்பாவுடைய கத்தி. மரப்பிடி, அவர் கட்டைவிரல் அழுத்தி அழுத்தி ஒரு பக்கம் குழிந்திருக்கும். வேலைக்குக் கிளம்பினால் அது பையில் இருப்பது எனக்குப் பழக்கம், எடுத்து வைக்கத் தோன்றவேயில்லை. கத்தி கையோடு போகாது, சரக்குப் பையில் போடுங்கள் என்றார் அந்த அதிகாரி, மரியாதையாகத்தான். ஆனால் கவுண்டர் மூடியாகிவிட்டது. உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே பை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். குப்பைப் பெட்டியில் போடு என்று சொல்லியிருந்தால் நான் விமானத்தை விட்டிருப்பேன். என்னைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரருக்குப் போன் செய்தேன். சின்ன விமான நிலையம், அவர் இன்னும் வாசலில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வெளியே போய் அவர் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு வந்தேன். "மீதி ஜாக்ரத்தகா உஞ்சுதானண்ணா", உங்களுடையதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் அண்ணா என்று தெலுங்கில் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெரிய நகரத்து விமான நிலையத்தில் இது நடக்காது. ஒட்டுக்கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் எல்லாம் வீட்டிலேயே சரக்குப் பைக்குள் போய்விட வேண்டும்.

அப்புறம் விமானம். எங்கள் ஊருக்கு வரவேண்டிய விமானமே தாமதம். இந்தச் சின்ன விமானங்கள் ஒரே நாளில் நான்கைந்து ஊருக்கு மாறி மாறிப் பறக்கின்றன. காலையில் ஓர் ஊரில் பனிமூட்டத்தால் நின்றால், அந்த அரைமணி நாள் முழுவதும் ஒவ்வோர் ஊராக இறங்கிக்கொண்டே வரும். ஹைதராபாத்தில் நான் இறங்கியபோது அடுத்த விமானத்தின் கவுண்டர் மூடியிருந்தது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்திருந்தால் அவர்களே அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டிருப்பார்கள், பையும் நேராக ராஜமுந்திரிக்கே போயிருக்கும். தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டாவதற்கான பணம் போனது. புதிதாக வாங்கினேன். மாலை விமானம்.

ராஜமுந்திரி விமான நிலையம் ஊருக்குள் இல்லை, வடக்கே மதுரப்பூடியில் இருக்கிறது. கடியம் ஊருக்குத் தெற்கே. இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள், விமானத்துக்காக வந்திருந்த நாலைந்து வண்டிகளும் கிளம்பிவிட்டன. கடியத்தில் எனக்குத் தெரிந்த நர்சரிக்காரர் வீட்டு வாசலில் நான் நின்றபோது மணி ஏழே முக்கால். காலை ஐந்திலிருந்து கணக்குப் பாருங்கள், கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரம். "ஏமி தம்முடு, ஃப்ளைட்லோ வச்சாவா?", என்ன தம்பி, விமானத்தில் வந்தாயா என்று அவர் சிரித்தபடி தண்ணீர் கொடுத்தார். முந்தின ராத்திரி சேஷாத்ரி எக்ஸ்பிரஸில் ஏறியிருந்தால் அன்று காலையிலேயே அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பேன்.

அதற்குப் பிறகு நான் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். எங்கள் நர்சரி கேட்டிலிருந்து அவர் நர்சரி கேட் வரை, எந்த வழியானாலும் அதுதான் அளவு.

அப்படிப் பார்க்க ஆரம்பித்ததும் வரைபடமே வேறு மாதிரி தெரிந்தது. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்திலிருந்து ராஜமுந்திரி வானத்தில் சுமார் 490 கிலோமீட்டர், ரேணிகுண்டாவைவிட முப்பது முப்பத்தைந்துதான் அதிகம். நேர் விமானம் இருக்கிற நாட்களில் ஹைதராபாத்தைச் சுற்றுவதைவிட நல்ல வழி. ஆனால் நகரியிலிருந்து திருத்தணி, திருவள்ளூர் வழியாக மீனம்பாக்கம் போக மூன்று மணி நேரத்தை ஒதுக்கவேண்டும். மழை நாளென்றால் இன்னும் அதிகம். எனக்கு அது சரிப்படவில்லை. திருத்தணிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சரியாக வரலாம்.

எனக்குச் சரியாக வந்தது நான் நினைத்தே பார்க்காத வழி. கடியத்து நர்சரிகள் நிறைந்த கடியபுலங்கா ஊர் சென்னை கல்கத்தா நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. விஜயவாடாவிலிருந்து வரும்போது ராஜமுந்திரிக்கு முன்பே வந்துவிடும். விஜயவாடா விமான நிலையமும் நகரத்துக்குள் இல்லை, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கன்னவரத்தில், அதே நெடுஞ்சாலையில், அதுவும் ஏலூருப் பக்கமாக இருக்கிறது. அதாவது கன்னவரத்தில் இறங்கினால் நகர நெரிசலைத் தொடாமலே கடியத்தை நோக்கிக் கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்று அர்த்தம். ரேணிகுண்டாவிலிருந்து கன்னவரம் வானத்தில் சுமார் 348 கிலோமீட்டர். நேர் விமானத்தில் ஒன்று, ஒன்றேகால் மணி நேரம். கன்னவரத்திலிருந்து கடியபுலங்காவுக்குச் சாலையில் சுமார் 130. டிக்கெட்டில் ராஜமுந்திரி என்ற பெயரே இல்லாத இந்த வழிதான் ராஜமுந்திரிப் பக்கத்துக்கு எனக்குக் கிட்டத்து வழி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேர் விமானம் அந்தக் கிழமையில் ஓடவேண்டும். சின்ன ஊர்களுக்கு இடையே சில விமானங்கள் வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள்தான். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அட்டவணை மாறும். போன பருவத்தில் காலையில் இருந்த விமானம் இந்தப் பருவத்தில் மாலைக்குப் போகும், சில சமயம் காணாமலே போகும். சின்ன ஊர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விட அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் ஆரம்பித்த வழிகளில் இது நன்றாகத் தெரியும். 2017 ஏப்ரல் 27-இல் அந்தத் திட்டத்தின் முதல் விமானங்களில் ஒன்றாக எங்கள் பக்கத்துக் கடப்பாவிலிருந்து ஹைதராபாத்துக்கு விட்டார்கள். ஒரு மணி நேரப் பறத்தலுக்கு, பாதி இருக்கைகளுக்கு, 2,500 ரூபாய் என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். எனக்கு அந்தத் திட்டத்தில் மரியாதை உண்டு. எங்களை மாதிரி ஆட்களும் விமானத்தில் ஏறலாம் என்று நினைக்க வைத்தது அதுதான். ஆனால் அரசு ஈடுகட்டும் பணம் ஒரு வழிக்கு மூன்று வருடம்தான். அதற்குள் ஆள் சேராத வழி நின்றுவிடுகிறது. அதனால் போன தடவை ஓடியது என்ற நினைப்பில் கிளம்பாமல், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி ரயிலில் ஒரு படுக்கையும் போட்டுவைத்து, விமானம் உறுதி என்று தெரிந்த பிறகு ரத்து செய்கிறேன். ரத்துக்குப் போகிற பணம், போகிற நாள் தவறினால் வரும் நஷ்டத்துக்கு முன் ஒன்றுமேயில்லை.

போன ஜூலையில் குச்சிக்காகப் போனேன். பத்து நாள் முன்பு கடியத்து நர்சரிக்கார அண்ணனுக்குப் போன் செய்து இலை கிள்ளச் சொன்னேன். அன்றைக்கே எந்தக் கிழமையில் விமானம் என்று பார்த்து, அந்தக் கிழமைக்குப் பத்தாவது நாள் வரும்படி தேதி வைத்துக்கொண்டோம். மரம் தேதியை முடிவு செய்கிறது என்று சொன்னேனே, பத்து நாள் முன்கூட்டி யோசித்தால் அதில் நமக்கும் ஒரு சொல் கிடைக்கிறது.

ஏடிஆரில் ஏறும் வாசல் பின்பக்கம். பின்வரிசையில் இடம் எடுத்தால் முதலில் இறங்கலாம், விசிறிச் சத்தமும் குறைவு. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் தரை மறைவதில்லை. நெல்லூர்ப் பக்கம் மேகம் விலகியபோது பென்னா நதி மணலாகத் தெரிந்தது, அப்புறம் வலப்பக்கம் கடலோரம். ஜூலை மேகம் என்பதால் நடுவில் பத்து நிமிடம் நன்றாகத் தூக்கிப் போட்டது. சின்ன விமானம் பெரிய ஜெட் அளவுக்கு உயரே போவதில்லை, மழைக்காலத்தில் குலுக்கல் இருக்கும். காலை விமானமானால் குறையும், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டுவிடும்.

கன்னவரத்தில் இறங்கி நெடுஞ்சாலைக்கு வந்து பஸ் பிடித்தேன். ஏலூரு, தாடேபல்லிகூடெம், தணுக்கு. சித்தாந்தத்தில் கோதாவரியின் ஒரு கிளையைத் தாண்டி, ராவுலபாலெத்தில் வாழைத்தார் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஜொன்னாடாவில் இன்னொரு பாலம். நதி கரை புரண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டியதும் பஸ் ஜன்னலுக்குள்ளேயே ஈரமண் வாசனை, செடி வாசனை. வீட்டிலிருந்து கிளம்பி எட்டரை மணி நேரம். முதல் தடவையைவிட ஆறு மணி நேரம் குறைவு.

மறுநாள் விடியும் முன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வெட்டினோம். குச்சி ஒன்று ஒரு சாண் நீளம், பென்சில் கனம். ஐம்பது ஐம்பதாகக் கட்டி, ஈரத்துணி சுற்றி, அதன்மேல் வாழைப்பட்டை, அதன்மேல் பாலித்தீன். ஆறு கட்டு. நீர் சொட்டக் கூடாது, சொட்டினால் கவுண்டரில் வாங்கமாட்டார்கள். அதற்காகத் துணியைப் பிழிந்து பிழிந்து வைத்தார் அண்ணன். சரக்குப் பை பெரும்பாலும் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. முந்நூறு குச்சியும் கத்தியும் துணியும் பன்னிரண்டு கிலோவுக்குள் அடங்கின. மண்ணோடு செடியாக இருந்தால் இருபது கன்றுகூட அந்த எடைக்குள் வராது. செடிகளுக்கு எப்போதும் லாரிதான், விமானம் குச்சிக்கு மட்டும். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். திறந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "மாமிடி?" என்றார், மாவா என்று. ஆமாம் என்றேன். டேக் போட்டு அனுப்பிவிட்டார்.

ரேணிகுண்டாவில் இறங்கும்போது மூன்று மணி இருக்கும். அதே ஆட்டோக்காரரைத்தான் வரச் சொல்லியிருந்தேன். வடமாலப்பேட்டைப் பக்கம் திருமலைக்குப் போகும் வண்டிகளின் நெரிசல், அதில் அரைமணி நேரம் போனது. நர்சரிக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து மணி. அப்பா வேர்க்கன்றுகளை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை என்று இரண்டு வருடமாக அவர் ஒட்டுக் கட்டுவதில்லை. ஒரு கட்டைப் பிரித்து ஒரு குச்சியைக் கையில் கொடுத்தேன். என் கையிலிருந்த கத்தியை வாங்கி, அடியில் சாய்வாக ஒரு சீவு சீவினார். உள்ளே பச்சையும் வெள்ளையுமாக ஈரம் மினுமினுத்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"காலையில வெட்டினதா?" என்றார்.

"விடியக்காலையில, அப்பா."

"கடியத்திலயா?"

"கடியத்திலதான்."

கத்தியைத் திருப்பித் தரவில்லை. லைட்டைக் கிட்டே இழுத்துப் போடச் சொன்னார். முதல் பத்துக் கன்றையும் அன்றைக்கு அவரேதான் கட்டினார்.